எழுதியவர் வகுப்பறைக்கு வரும் நாள்

எமது பிள்ளைகளின் பாடசாலைக்கு நாம் போகும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பதிவு செய்யும் நாள், புள்ளி அட்டை வாங்கும் மாலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ரெலிபோன் வந்தால் ஓடிப்போகும் மத்தியானம், அவ்வளவுதான். அலுவலகத்தைக் காண்கிறோம், வகுப்பாசிரியரைக் காண்கிறோம். கணிதத்துக்கு எத்தனை, பிரெஞ்சுக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்கு பஸ் பிடிக்கிறோம். அதே கட்டடத்தில் நூலகம் என்றொரு அறை இருப்பதும், அதற்கு ஒரு பொறுப்பாளர் இருப்பதும் எம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்துசேர்ந்த பிள்ளைக்கு அந்த அறையும் அந்த மனிதரும் எவ்வளவு பெரிய துணை என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வில்லரேயிலும் சுற்றுப்புறத்திலும் புதிதாகக் குடியேறியுள்ள பெற்றோர் இதைச் சற்றுப் பொறுமையோடு வாசிக்கவேண்டும்.

இங்குள்ள பாடசாலை நூலகர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இளையோருக்கான நூல்களை வாங்கி அடுக்கி வைப்பதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. அந்த நூல்களை எழுதியவர்களைத் தேடிப்போய்ச் சந்திக்கிறார்கள், இயன்றபோது பாடசாலைக்கே அழைத்து வருகிறார்கள். எழுதியவரை நேரில் கண்ட பிள்ளை புத்தகத்தை வேறு கண்ணோடு பார்க்கிறது.

வாசிகசாலை கண்ட நாம்

வாசிப்பு எமக்குப் புதிய விடயமன்று. ஊருக்கு ஊர் வாசிகசாலை வைத்திருந்தவர்கள் நாம். சந்தியில் ஒரு சிறு கட்டடம், இரண்டு வாங்குகள், ஒரு மேசை, அதன்மேல் அன்றைய பத்திரிகை. ஒருவர் வாசிக்க நாலுபேர் கேட்டுக்கொண்டிருந்த காலம் எம்மவர் பலருக்கு நினைவிருக்கும். அம்புலிமாமா வரும் நாளைப் பார்த்திருந்த சிறுவர்களும் நாமே. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. அந்த இழப்பை ஒரு வீட்டு மரணம்போல நினைத்து அழுத சமூகம் எம்முடையது. நூலகம் என்றால் என்னவென்று எமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

எழுத்தாளரை நேரில் காண்பதும் எமக்குப் புதிதன்று. டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். சிகை அலங்காரத் தொழில் செய்தவர் அவர். சஞ்சிகையின் பிரதிகளைத் தாமே கையிற் கொண்டுசென்று வாசகரிடம் விற்றார். அவர் கையால் மல்லிகை வாங்கிய மாணவர்கள் பலர் இன்று இந்த நாட்டிலே பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். எழுத்தாளர் என்பவர் எங்கோ உயரத்தில் இருப்பவரல்லர், எமது தெருவில் நடந்து வரக்கூடியவர் என்ற நம்பிக்கையை அவர்கள் அப்போதே பெற்றுக்கொண்டார்கள். ஜீவா 2021 இல் காலமானார்.

அப்படிப்பட்ட நாம் இங்கு வந்தபின், பிள்ளை கதைப்புத்தகம் வாசித்தால், "அதை வைத்துவிட்டுப் பாடத்தைப் படி" என்று சொல்லப் பழகிவிட்டோம். புதிய நாட்டில் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயத்தில் சொல்வது இது. ஆனால் மொழி தெரியாத இடத்தில் பாடப்புத்தகம் மட்டும் பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவராது. பாடப்புத்தகத்தில் வரும் சொற்கள் பரீட்சைக்கு உதவும். கோபம், வெட்கம், நட்பு, பகிடி, ஏக்கம் இவற்றுக்கான சொற்கள் கதைகளிலேயே கிடைக்கின்றன. அந்தச் சொற்கள் இல்லாத பிள்ளை விளையாட்டு நேரத்தில் ஒரு மூலையில் நிற்கிறது.

அக்கேய் வகுப்புப் பிள்ளையின் சங்கடம்

1977 இல் வந்த 101 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர், கியூபெக்கில் குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகள், சில விதிவிலக்குகள் தவிர, பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும். பிரெஞ்சு தெரியாமல் வருபவர்களை முதலில் அக்கேய் என்று நாம் சொல்லும் வரவேற்பு வகுப்பில் சேர்க்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை சில மாதங்களில் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கிவிடும். பதினாலு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. ஊரிலே பெரிய வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்திருக்கும். இங்கு வந்ததும் பூனை, நாய், பந்து என்று படம் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அறிவு பதினாலு வயது, பிரெஞ்சு ஐந்து வயது. இந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் வாசிப்பை வெறுத்துப்போகிறார்கள். சிறுபிள்ளைப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதை மற்றவர்கள் கண்டால் அவமானம் என்று நினைக்கிறார்கள்.

இங்கேதான் நூலகரின் தொழில் தொடங்குகிறது. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையானவர்களுக்கென்று எழுதப்படும் நூல்கள் இங்கு தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளன. அவற்றிலே மொழி இலகுவாகவும் விடயம் வயதுக்கேற்றதாகவும் உள்ள நூலைத் தேடி எடுத்துப் பிள்ளையின் கையில் வைப்பது ஒரு கலை.

ஓர் உதாரணம் சொல்லலாம். ஃபனி பிரிட் எழுதி இசபெல் ஆர்செனோ படம் வரைந்த 'ஜேன், நரியும் நானும்' என்ற சித்திர நாவல் 2012 இல் வெளிவந்தது. மொன்றியலில் வாழும் எலேன் என்ற சிறுமியைப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் ஒதுக்கிவைத்து நையாண்டி செய்கிறார்கள். அவள் பஸ்ஸில் ஒரு புத்தகத்தை விரித்து அதற்குள் ஒளிந்துகொள்கிறாள். சொற்கள் குறைவு, படங்கள் நிறைய. ஆனால் சொல்லப்படும் வேதனை சிறுபிள்ளைத்தனமானதன்று. இந்நூலின் ஓவியங்களுக்கு 2013 இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருது கிடைத்தது. அக்கேய் வகுப்புப் பிள்ளை இதை வெட்கமில்லாமல் கையில் வைத்திருக்கலாம்.

சற்று மொழி தேறியதும் வேறு கதவுகள் திறக்கும். பிறியான் பெரோவின் 'ஆமோஸ் தாரகோன்' என்ற மாயாஜாலக் கதைத் தொடர் 2003 இல் தொடங்கிப் பன்னிரண்டு பாகங்கள் வந்தது. ஒரு பாகம் முடித்தவர் அடுத்ததைக் கேட்டு வருவார். இந்தியா டெஜார்டன் 2006 இல் தொடங்கிய 'ஓரெலி லஃப்லாம்' நாட்குறிப்புத் தொடரில் ஒரு பதின்வயதுப் பெண் தாயோடும் தோழிகளோடும் படும் பாடு பகிடியாக வரும். இங்குள்ள இளையோர் வீட்டிலும் வெளியிலும் பேசும் பிரெஞ்சு அதில் இருக்கிறது. வகுப்பில் கற்பிக்கும் பிரெஞ்சுக்கும் பஸ் தரிப்பிடத்தில் கேட்கும் பிரெஞ்சுக்கும் இடையில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரும் உதவி.

யார் இந்த நூலகர்?

கியூபெக்கில் பாடசாலை நூலகங்கள் நெடுங்காலம் ஆள் பற்றாக்குறையால் வாடின. 2008 இல் மாகாண அரசு பத்து ஆண்டுகளில் 200 நூலகர்களைப் பாடசாலைகளுக்கு நியமிப்பதற்கான திட்டத்தை அறிவித்தது. எனினும் ஒரு பாடசாலைக்கு ஒரு நூலகர் என்ற நிலை எல்லா இடத்திலும் இல்லை. ஒரே நூலகர் பல பாடசாலைகளைப் பார்ப்பது வழக்கம். இடைநிலைப் பாடசாலைகளில் நாளாந்தம் மேசையில் இருப்பவர் பெரும்பாலும் நூலகத் தொழில்நுட்பம் படித்த உதவியாளராக இருப்பார். ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் புத்தகம் பதிந்து கொடுப்பதும் அடுக்குவதும் பெற்றோரின் தொண்டு வேலையாக நடக்கிறது.

நூலகர் புத்தகம் வாங்குவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1981 இல் வந்த புத்தகச் சட்டத்தின்படி பாடசாலைகளும் பொது நூலகங்களும் அரசின் அங்கீகாரம் பெற்ற புத்தகக் கடைகளிலேயே, தங்கள் பிரதேசத்தில், நூல்களை வாங்கவேண்டும். ஆகவே உங்கள் பிள்ளை "இந்தப் புத்தகம் இல்லையா?" என்று மேசையில் கேட்கும் ஒரு கேள்வி, நூலகரின் பட்டியலில் ஏறி, கடைக்கும் பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் போய்ச் சேரக்கூடிய கேள்வி. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

நல்ல நூலகர் தாம் வாசித்ததைத் தம்மிடமே வைத்திருக்கமாட்டார். புதிய நூல் ஒன்றை இரவில் வாசித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வகுப்பு சென்று கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லி, முடிவைச் சொல்லாமல் திரும்புவார். மத்தியான இடைவேளையில் வாசிப்பு வட்டம் கூட்டுவார். அடுத்தபடியாக அவர் செய்வது அந்த எழுத்தாளரைத் தேடிப்போவது.

எழுத்தாளர் எப்படி வருகிறார்?

இதற்கென்று கியூபெக் அரசின் திட்டம் ஒன்று உண்டு. 'பாடசாலையில் பண்பாடு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எழுத்தாளர்கள், கலைஞர்கள் அடங்கிய ஒரு பட்டியலை அரசு வைத்திருக்கிறது. பாடசாலை அப்பட்டியலிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்து விண்ணப்பித்தால், அவருக்குரிய கொடுப்பனவில் அரசு பங்கேற்கிறது. விண்ணப்பம் எழுதுவது, திகதி பார்ப்பது, எழுத்தாளருக்குக் கடிதம் போடுவது, அவருடைய நூல்களை வகுப்புக்குப் போதியளவு சேர்ப்பது என்ற வேலைகளில் ஆசிரியரும் நூலகரும் கைகோத்துக்கொள்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கியூபெக்கில் சிறுவர் நூல் வெளியீடு மிகவும் தளர்ந்துபோயிருந்தது. பிள்ளைகள் கையில் இருந்த புத்தகங்களிற் பெரும்பகுதி பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்தவை. இந்த மண்ணின் குளிரும் தெருவும் அவற்றில் இல்லை. இதை மாற்றவேண்டும் என்று எழுத்தாளர்களும் நூலகர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 1971 இல் 'கொம்யூனிக்காசியோன்-ஜூனெஸ்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பிள்ளைகளின் வாசிப்பு வட்டங்களை அது ஊக்குவித்தது. எது நல்ல நூல் என்று பிள்ளைகளே வாக்களித்துத் தெரிவுசெய்யவும் வழி செய்தது. தங்கள் கதைகள் தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று ஒரு சிறிய மொழிச் சமூகம் எடுத்த முயற்சி அது. தமிழராகிய எமக்கு அந்தக் கவலை விளங்காமற் போகாது.

எழுத்தாளர் வரும் நாளுக்குமுன் வகுப்பு அவருடைய நூலை வாசித்து முடித்திருக்கவேண்டும். கேள்விகளை எழுதி ஆயத்தம் செய்கிறார்கள். வந்தவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் பேசுவார். தாம் கிழித்துப்போட்ட தாள்களைப் பற்றி, திரும்பத் திரும்பத் திருத்திய பக்கங்களைப் பற்றி, முதலில் "வேண்டாம்" என்று திருப்பியனுப்பிய பதிப்பாளரைப் பற்றிச் சொல்வார். பிழை விடுவது வெட்கம் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருக்கும் அக்கேய் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய செய்தி. புத்தகம் எழுதியவரே பத்துத்தரம் பிழை திருத்துகிறார் என்றால் நான் ஒருதரம் பிழைவிட்டுக் கதைத்தால் என்ன என்ற துணிவு வரும்.

"உங்களுக்கு எவ்வளவு காசு வரும்?" என்ற கேள்வியும் தவறாமல் வரும். எழுத்தாளரின் பங்கு பொதுவாக விற்பனை விலையில் நூற்றுக்குப் பத்து வீதம். பதினைந்து டொலர் புத்தகம் ஒன்று விற்றால் ஒரு டொலர் ஐம்பது சதம். ஓவியரும் சேர்ந்திருந்தால் அதையும் பங்கிடவேண்டும். எழுத்தாளர் என்றால் பெரும் பணக்காரர் என்ற எண்ணம் அங்கேயே கலைந்துபோகும். பாடசாலைகளுக்குச் சென்று பேசுவது அவர்களுக்கு வருமானத்தின் ஒரு பகுதி என்பதையும் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். எழுத்தும் ஒரு தொழில், அதையும் மனிதர்கள் வேர்வை சிந்தியே செய்கிறார்கள் என்ற பாடம் இது.

எம்மைப்போல் வந்து எழுதியவர்கள்

எமது பிள்ளைகளுக்கு இதிலே இன்னொரு பயன் இருக்கிறது. இன்று கியூபெக்கில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் சிலர் எம்மைப்போல் பெட்டியோடும் பயத்தோடும் வந்திறங்கியவர்கள்.

கிம் துய் 1968 இல் சைகோனில் பிறந்தவர். பத்து வயதில் பெற்றோரோடு படகேறி, மலேசியாவில் அகதி முகாமில் இருந்து, பின்னர் கியூபெக்கின் கிரான்பி நகரில் குடியமர்த்தப்பட்டார். தையல் வேலை செய்தார், மொழிபெயர்ப்பாளராக இருந்தார், சட்டம் படித்து வழக்கறிஞரானார், மொன்றியலில் உணவகம் நடத்தினார். முதல் நூலான 'ரு' வெளிவந்தது 2009 இல், அவருடைய நாற்பது வயதுக்குப் பிறகு. பிரெஞ்சில் 'ரு' என்றால் சிறு நீரோடை, வியற்நாம் மொழியில் தாலாட்டு. ஒரே சொல்லில் இரண்டு மொழியையும் சேர்த்துவைத்த அந்த நூலுக்கு 2010 இல் ஆளுநர் நாயகம் விருது கிடைத்தது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டதாயினும் சிறுசிறு பகுதிகளாக அமைந்திருப்பதால் மேல்வகுப்பு மாணவரும் வாசிக்கலாம்.

மரி-செலி அன்யான் எயிற்றி நாட்டின் தலைநகரில் 1953 இல் பிறந்து 1970 இல் கியூபெக் வந்தவர். அவர் இளையோருக்காக 1999 இல் எழுதிய 'எயிற்றியின் அலெக்சி' என்ற நாவலில், ஒரு சிறுவன் அடக்குமுறைக்குத் தப்பித் தாயோடு படகில் வெளியேறுகிறான். அடுத்த ஆண்டே அதன் தொடர்ச்சியும் வந்தது. 2023 இல் அன்யான் கனடா நாடாளுமன்றத்தின் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார். வில்லரேயிலும் சென் மிஷெலிலும் எமது பிள்ளைகளின் பக்கத்து வாங்கில் எயிற்றிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அந்தக் கதையை வீட்டில் கேட்ட பிள்ளை அலெக்சியின் கதையை வாசித்தால், பக்கத்து வாங்குப் பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு விடயம் கிடைத்துவிடும்.

டனி லஃபெரியேர் 1976 இல் எயிற்றியிலிருந்து மொன்றியலுக்கு வந்து தொழிற்சாலைகளில் வேலைசெய்தவர். 2013 இல் பிரெஞ்சு மொழியின் உயர்பீடமான பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவானார். சிறுவர்களுக்கான நூல்களும் எழுதியிருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் தகப்பனைக் கொண்ட பிள்ளைக்கு இந்த வரலாறு ஒன்றே போதும்.

எமது ஊர் மணக்கும் நூல்கள்

ஆங்கிலம் வாசிக்கும் மூத்த பிள்ளைகளுக்கு எமது மண்ணைச் சேர்ந்த எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். ஷியாம் செல்வதுரை 1965 இல் கொழும்பில் பிறந்தவர். 1983 கலவரத்தின் பின்னர், பத்தொன்பது வயதில், குடும்பத்தோடு கனடா வந்தார். 2005 இல் இளையோருக்காக அவர் எழுதிய 'சுவிம்மிங் இன் த மொன்சூன் சீ' என்ற நாவல் 1980 ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. அதன் நாயகன் பதினாலு வயது அம்ரித். சென்னையில் பிறந்து கடல் ஆராய்ச்சியாளரான பத்மா வெங்கட்ராமன் 2019 இல் எழுதிய 'த பிறிட்ஜ் ஹோம்' சென்னைத் தெருவில் வாழும் நான்கு பிள்ளைகளின் கதை. அதற்கு 2020 இல் அமெரிக்காவின் வோல்ரர் விருது கிடைத்தது.

இங்கே பெற்றோருக்கு ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். செல்வதுரையின் நாவலில் அந்தச் சிறுவன் கனடாவிலிருந்து வந்த தன் மைத்துனன்மேல் காதல் கொள்வதை உணர்கிறான். மற்ற இளையோர் நூல்களிலும் பெற்றோரின் விவாகரத்து, தற்கொலை எண்ணம், போதைப்பொருள், காதல் என்று நாம் வீட்டில் பேசாத விடயங்கள் வரும். "இதையெல்லாம் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறார்கள்?" என்று சிலர் கோபிக்கலாம். பாடசாலை நூலகங்களில் பணிபுரிவோரின் கியூபெக் சங்கம், துணிச்சலாகப் பேசும் நூல்களுக்கென்றே 'எஸ்பியெக்ல்' என்ற விருதை வழங்கிவருகிறது. இப்படியான நூல்கள் பயத்தின் காரணமாக அலுமாரிக்கு வராமற் போய்விடக்கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு.

பெற்றோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. புத்தகத்தைப் பறித்துவைப்பதற்கு முன் ஒன்று செய்யலாம். நூலகரிடம் போய், இந்த நூலில் என்ன இருக்கிறது, என் பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை, அவர் அதை அவமதிப்பாக எடுக்கமாட்டார். பிறகு பிள்ளையிடம், "அந்தப் பெடியன் என்ன செய்தான்? நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுப்பாருங்கள். வீட்டில் பேசமுடியாததைப் பிள்ளை வெளியில் யாரிடமாவது பேசத்தான் போகிறது. முதலில் உங்களிடம் பேசுவதற்கு ஒரு கதை வழி திறந்துவிடுமானால் அது நட்டமன்று.

நவம்பர் மாதத்துப் பெருவிழா

நூலகர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் நாட்கள் மொன்றியல் புத்தகக் கண்காட்சி நடக்கும் நவம்பர் மாதத்தில் வரும். 1978 இல் தொடங்கிய இந்த விழா நெடுங்காலம் பிளாஸ் பொனவெந்தூரில் நடந்தது. 2021 முதல் பலே டே கொங்கிறே மண்டபத்தில் நடைபெறுகிறது. நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள் மேசை போட்டு அமர்ந்து வாசகரோடு கதைத்துக் கையொப்பமிட்டுக் கொடுப்பார்கள். காலை வேளைகளில் பாடசாலைப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வருவார்கள். எந்த எழுத்தாளர் எந்த மேசையில் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு ஓடித்திரிபவர்களில் நூலகர்களும் இருப்பார்கள். அடுத்த ஆண்டு யாரை அழைக்கலாம் என்று அவர்கள் தீர்மானிப்பதும் இங்கேதான்.

வில்லரேயில் இருப்பவர்களுக்குப் பயணம் சுலபம். ஜாரி நிலையத்தில் செம்மஞ்சள் பாதை மெற்றோ ஏறினால் மாறத் தேவையில்லை, ஒன்பதாவது தரிப்பு பிளாஸ் டார்ம். அங்கே இறங்கினால் மண்டபம் அருகில். புத்தகம் வாங்கியே தீரவேண்டும் என்றில்லை. பிள்ளை தான் வாசித்த நூலகப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாலே எழுத்தாளர் மகிழ்ந்து கதைப்பார்.

கண்காட்சிக்குப் போகமுடியாதவர்களுக்குப் பொது நூலகங்கள் இருக்கின்றன. வில்லரேயில் கிறிஸ்தோப் கொலோம்ப் வீதியில் லு பிரேவோ நூலகம் உண்டு. பார்க் எக்ஸ்ரென்சனிலும் சென் மிஷெலிலும் நூலகங்கள் உண்டு. நகரவாசிகளுக்கு அங்கத்துவ அட்டை இலவசம், முகவரிக்கான சான்று கொண்டுபோனாற் போதும். பிந்திக் கொடுத்தால் குற்றப்பணம் கட்டவேண்டுமே என்று பயந்து அட்டை எடுக்காதவர்கள் உண்டு. அந்தக் குற்றப்பணத்தை மொன்றியல் நகரம் 2021 இல் நீக்கிவிட்டது. ஒரு கிளையில் இல்லாத நூலை இன்னொரு கிளையிலிருந்து வரவழைக்கவும் முடியும். போகுமுன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் உறவினர் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளிடமும் கேட்டுப்பாருங்கள். ஒன்ராறியோ நூலகச் சங்கம் 1994 இல் 'சில்வர் பேர்ச்' என்ற விருதைத் தொடங்கியது. இன்று அது 'வாசிப்புக் காடு' என்று பொருள்படும் பெரும் இயக்கமாக வளர்ந்து, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு மரத்தின் பெயரில் விருது கொடுக்கிறது. வெற்றியாளரைத் தெரிவதும் பிள்ளைகளே. பட்டியலிலுள்ள பத்து நூல்களில் ஐந்தையாவது வாசித்த பிள்ளைக்கு வாக்குரிமை உண்டு. பெற்றோர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெறுமுன்னரே பிள்ளை ஒரு வாக்குப் போட்டுவிடுகிறது!

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலாவது, அடுத்த தடவை பாடசாலைக்குப் போகும்போது நூலகம் எங்கே என்று கேட்டு, உள்ளே போய் வணக்கம் சொல்லுங்கள். பிரெஞ்சு வராவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். "எங்கள் பிள்ளை இந்த ஊரிலிருந்து வந்தது, இன்ன மொழி பேசும், இன்னது பிடிக்கும்" என்ற மூன்று விடயங்கள் போதும். பிள்ளைக்குக் கிரிக்கெற் பிடிக்குமா, பேய்க்கதை பிடிக்குமா என்று தெரிந்தால் நூலகரின் வேலை பாதி முடிந்துவிடும்.

இரண்டாவது, ஆரம்பப் பாடசாலையில் பிள்ளை இருந்தால் நூலகத்துக்குத் தொண்டு செய்ய வாரத்தில் ஒரு மணிநேரம் கொடுக்கமுடியுமா என்று பாருங்கள். புத்தகம் அடுக்க அதிகம் பிரெஞ்சு தேவையில்லை. அங்கே வரும் மற்றப் பெற்றோரோடு பழகினால் உங்களுக்கும் மொழி வரும். வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் எமது தாய்மார் சிலருக்கு இது வெளியே வருவதற்கு ஒரு நல்ல சாட்டு.

மூன்றாவது, எழுத்தாளர் வரும் கடிதம் வீட்டுக்கு வந்தால் பையின் அடியில் கிடக்கவிடாதீர்கள். அன்றைக்குப் பிள்ளையைப் பல்வைத்தியரிடம் கூட்டிச்செல்லும் நேரத்தை மாற்றிவையுங்கள். அந்த ஒரு மணிநேரம் திரும்ப வராது.

நான்காவது, அன்று பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, இண்டைக்கு எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரு எழுத்தாளர் வந்தவ" என்று சொன்னால், சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். யார், எங்கிருந்து வந்தவர், என்ன கதை, முடிவு என்ன என்று தமிழிலே சொல்லச் சொல்லுங்கள். பிரெஞ்சில் கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் வளர்கிறது. பிரெஞ்சு படித்தால் தமிழ் போய்விடும் என்று கவலைப்படுபவர்களுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

ஐந்தாவது, எமது எழுத்தாளர்களைப் பற்றி நூலகரிடம் சொல்லுங்கள். கனடாவில் அ. முத்துலிங்கம் போன்ற எழுத்தாளர்கள் வாழ்கிறார்கள். 2001 முதல் ரொறன்ரோவிலிருந்து இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் உலகத் தமிழ் எழுத்தாளர்களுக்கு விருது கொடுத்துவருகிறது. இவை எதுவும் ஒரு பிரெஞ்சுப் பாடசாலை நூலகருக்குத் தானாகத் தெரியவராது. தெரிந்தால் ஆவலோடு கேட்பார், ஏனென்றால் அவருடைய தொழிலே எழுதுபவர்களைத் தேடுவது. ஒரு தமிழ்ப் புத்தகத்தையாவது அந்த அலுமாரியில் காணும் தமிழ்ப் பிள்ளைக்கு, இந்தக் கட்டடத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றும்.

ஊரில் வாசிகசாலையை எங்கள் அப்பாமாரும் அண்ணன்மாரும் சேர்ந்து கட்டினார்கள். இங்கு நூலகம் கட்டித் தயாராக இருக்கிறது, அதைத் திறந்துவிடக் காத்திருக்கும் மனிதரும் இருக்கிறார். நாம் செய்யவேண்டியது கதவைத் தட்டுவது மாத்திரமே. இந்தக் கிழமையே ஒருநாள் வேலைக்குப் போகுமுன் பாடசாலைப் பக்கம் போய்வாருங்கள்.